நெல்லின் தற்காப்பும் ஏரியின் இறாலும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் வழக்கப்படி முறைவைத்துச் சுத்துவலை கட்டும் மீனவரையும், பொன்னேரி வட்டாரத்தில் சம்பாவும் நவரையும் பயிரிடும் உழவரையும் ஆரணியாறு ஒன்றிணைக்கிறது. எனினும், வயலில் தெளித்த விஷம் அந்த ஆற்றுவழியே ஏரியை அடையக்கூடும் என்னும் விசாரம் நம் விவசாயக் கொள்கையில் உரிய ஸ்தானம் பெறவில்லை. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவையாதலால், பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து பலவும் இறாலுக்கும் நஞ்சே.

இவ்வளவு மருந்துக்கும் அவசியம் உண்டா என்பதை நெற்பயிரின் இயல்பைக் கொண்டே நிர்ணயிக்கவேண்டும். குருத்துப்பூச்சியின் புழு தண்டைத் துளைத்த சில மணி நேரத்திற்குள், காயம்பட்ட திசுக்களில் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் பயிர் ஹார்மோன் பெருகி, புழுவின் ஜீரணத்தைக் கெடுக்கும் புரதங்களை உண்டாக்குகிறது. சாறுறிஞ்சும் புகையான் பூச்சி தாக்கிய பயிர் வெளிவிடும் லினலூல் என்னும் வாசனைப்பொருளோ, புகையான் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் அனாக்ரஸ் என்னும் நுண்குளவியை ஈர்க்கிறது. நட்ட சில வாரங்களிலேயே முன்னெச்சரிக்கையென்று மருந்தடிப்போமாயின், பயிர் அழைக்கும் துணைவனை நாமே கொன்றவர்களாவோம்.

இத்தற்காப்பின் வலிமைக்குத் திருவள்ளூர் மாவட்டமே சாட்சி. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் வெளியிட்ட டி.கே.எம். 6 ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டே, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969இல் ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கியது. குருத்துப்பூச்சி முட்டையிடுவதைத் தடுத்து, புழுவின் வளர்ச்சியையும் குலைக்கும் பென்டாடெகனல் என்னும் இரசாயனம் டி.கே.எம். 6 நெல்லில் இருப்பது பிற்பாடு கண்டறியப்பட்டது. ஆயினும் ரகம் ஒன்றையே நம்பியிருத்தலும் பிழை: அதே டி.கே.எம். 6இன் வழிவந்து, புகையானை எதிர்க்குமென்று 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26, சில ஆண்டுகளிலேயே அப்பூச்சிக்குப் பணிந்தது. மருந்தை மட்டும் நம்புவதும் தீர்வன்று: அது சிலந்தியையும் குளவியையும் அழித்துப் புகையானைப் பெருக்குவதை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986இல் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்வயலுக்குத் தடைசெய்தது.

குருத்துப்பூச்சியால் பதராகும் வெண்கதிர் கண்டு கலங்கும் உழவனின் அச்சம் நியாயமானதே. அவனுக்குத் துணைநிற்கவேண்டியது அரசின் கடமை. எதிர்ப்புத்திறன் கொண்ட விதையைத் தடையின்றி வழங்குவதும், பூச்சித் தாக்குதல் பொருளாதாரச் சேதநிலையை, அதாவது மருந்துச்செலவுக்கு ஈடான இழப்பு நேரும் நிலையை, எட்டியபின்னரே மருந்தைப் பரிந்துரைப்பதும், ஆரணியாற்று வடிகால் வயல்களுக்கான பரிந்துரையை வகுக்கும்போது மீனவப் பஞ்சாயத்தையும் கலந்தாலோசிப்பதும் உடனே தொடங்கத்தக்க காரியங்கள். வயலில் மிச்சமாகும் ஒவ்வொரு தெளிப்பும் உழவனுக்குச் செலவுக்குறைவு. மீனவனுக்கோ அது ஜீவனப் பாதுகாப்பு.