வெள்ளம் வருமுன் வணிகர் கடன்

விழா மலரொன்றிலே தமிழாசிரியன் எழுதப்புகின், இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றி எழுதுவான் என எதிர்பார்த்தல் இயல்பு. ஆயினும் இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் வணிகர். செட்டியார் தெருவிலும், ஜிந்துப்பிட்டியிலும், கொட்டாஞ்சேனையிலும், வெள்ளவத்தையிலும் கடையும் கிட்டங்கியும் நடத்துவோர். இன்று நம்மிடம் கற்கும் பிள்ளைகள் பலரின் தந்தையர் அத்தகைய கடைகளிலே கணக்கெழுதுவோரும் மூட்டை சுமப்போருமாவர். ஆகவே, கொழும்பிலே திடீரெனப் பெருமழை பெய்யுங்கால் வணிக நிலையங்கள் எவ்வாறு ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது கல்லூரிக் குடும்பம் முழுவதற்கும் உரிய பொருளாகும். அது பற்றிய என் கருத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர், மழையின் ஆக்கத்தை மட்டுமன்றி அதன் அழிக்கும் ஆற்றலையும் அவ்வதிகாரத்திலேயே கூறினார். அவ்வாற்றலைக் கொழும்பு பன்முறை கண்டுள்ளது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இந்நகரில் ஒரே நாளிற் பெய்த மழை 490 மில்லிமீற்றருக்கு மேல். 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் நாள் இரவு தொடங்கிய மழை, விடிவதற்குள் பாராளுமன்ற வளவையே நீரில் ஆழ்த்தியது. 400 மில்லிமீற்றர் மழை என்பது எத்துணை நீர்? ஓர் ஏக்கர் நிலத்திலே பதினாறு இலட்சம் லீற்றர் நீரைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஓர் இரவில் அவ்வளவையும் கொண்டு செல்லக்கூடிய வடிகான் எந்நகரிலும் இல்லை.

நம் நகருக்கு வரும் வெள்ளம் இருவகைப்படும் என்பதை வணிகர் முதலில் அறிதல் வேண்டும். ஒன்று, நகரின் மேலேயே பெய்யும் மழையால் வருவது. அது சில மணி நேரத்திற்குள் வந்துவிடும். முன்னறிவித்தல் பெரும்பாலும் கிட்டாது. மற்றையது களனி கங்கையின் வெள்ளம். கித்துல்கலையிலும் அவிசாவளையிலும் பெய்த மழை ஹங்வெல்லையைக் கடந்து கொழும்பை அடையக் காலம் செல்லும். அதனை அளக்கும் அளவுகோல் நமக்கு அண்மையிலுள்ள நாகலகம் வீதியிலேயே இருக்கின்றது. அங்கே நீர்மட்டம் ஐந்தடியை எட்டினால் சிறுவெள்ளம், ஏழடியை எட்டினாற் பெருவெள்ளம் என்பர். 1947ஆம் ஆண்டு அது பன்னிரண்டு அடியையும் கடந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏழடியைத் தாண்டியது. ஆறு உயர்ந்து நிற்கும்போது நகரின் நீர் தானாக ஆற்றினுள் வடியாது. வாய்க்கதவுகளை அடைத்து இயந்திரத்தால் இறைக்க வேண்டியதாகும். எனவே, வானம் வெளுத்துவிட்டது என எண்ணி ஆயத்தத்தைக் கைவிடல் பேதைமை.

முதல்வகை வெள்ளத்துக்கு அன்றாட ஒழுங்கே காவல். அரிசி, சீனி, பருப்பு மூட்டைகளை வெறுந்தரையிலே அடுக்கும் வழக்கம் நம் கிட்டங்கிகளில் இன்னும் நீங்கவில்லை. முன்னைய வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரிலே கோடாக வரைந்து, அதற்கு மேலே பலகைத்தட்டு அமைத்தல் பெருஞ்செலவான காரியமன்று. கணக்கேடுகள், உறுதிகள், கடன் சீட்டுகள் ஆகியவற்றை மேல்மாடியில் வைத்து, அவற்றின் படிகளைப் பிறிதோரிடத்திற் சேமித்தல் வேண்டும். மின்சார ஆளிகளும் மின்மானியும் தாழ்வாக இருப்பின் உயர்த்துதல் அவசியம். காப்புறுதிப் பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டிவைத்தால் மட்டும் போதாது. தீக்கு எடுத்த பத்திரம் வெள்ளத்தையும் உள்ளடக்குமோ என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தல் வேண்டும். அழிவு நேர்ந்தபின் வாசிப்பதாற் பயன் யாது?

இரண்டாம் வகைக்குச் செய்தியே காவல். நீர்ப்பாசனத் திணைக்களமும் வளிமண்டலவியல் திணைக்களமும் விடுக்கும் அறிவித்தல்களைக் கவனித்து வருதற்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொள்வதற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒருவரைப் பொறுப்பாக்குதல் நன்று. எல்லாருடைய வேலையும் என விடப்படுவது ஒருவருடைய வேலையும் ஆகாது.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் முதன்மைப் பொருளுக்கு வருகின்றேன். வணிக நிலையம் என்பது சரக்கு மட்டுமன்று, ஊழியருமாம். கொழும்புக் கடைகளின் தொழிலாளர் பலர் வெல்லம்பிட்டி, கொலன்னாவை முதலிய தாழ்நிலங்களிலே குடியிருக்கின்றனர். 2016ஆம் ஆண்டிலும், டித்வா சூறாவளி வீசிய 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலும், களனி கங்கை பெருகியபோது முதலில் மூழ்கியவை அத்தகைய பகுதிகளே. கடை காய்ந்திருக்க, ஊழியனின் வீடு நீரில் நிற்கும். அந்நேரத்தில் அவனைக் கடைக்கு வரப் பணித்தலும், வராத நாளுக்குச் சம்பளத்தைக் குறைத்தலும் அறமாகா. வெள்ளத்துக்குப்பின் புத்தகமும் சீருடையும் இன்றி வகுப்பிலே தலைகுனிந்திருந்த பிள்ளைகளை நான் கண்டுள்ளேன். தந்தையின் சம்பளம் நின்றிருந்தால் அவர்கள் வகுப்புக்கே வந்திரார். கிட்டங்கியிலே இரவு உறங்கும் பையன்களின் நிலை இதனினும் இடர் மிக்கது. முதலாளி இழக்கக்கூடியது சரக்கு. அவர்கள் இழக்கக்கூடியது உயிர். நீர் புகுந்த அறையுள் மூட்டையை மீட்க எவரையும் அனுப்பலாகாது என்பது எழுதப்பட்ட விதியாகச் சுவரிலே தொங்குதல் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின்னரும் கடமை தீர்வதில்லை. சேறு காயுமுன் கழுவுதல் எளிது. மின்னிணைப்பை அறிந்தவர் பார்வையிடாமல் ஆளியைத் தொடலாகாது. துப்புரவு செய்வோருக்கு முழங்கால் வரையான இறப்பர்ச் சப்பாத்துக் கொடுத்தல் வேண்டும். எலிக்காய்ச்சல் நம் நாட்டிலே சேற்று நீரின் வழியாகப் பரவும் நோய். நனைந்த அரிசியையும் மாவையும் உலர்த்தி விற்கும் இழிதொழிலை நம் கல்லூரியின் பெயர் தாங்கிய எவரும் செய்யார் என நம்புகின்றேன்.

“இவையெல்லாம் சரி, வடிகானைத் துப்புரவாக்குதல் மாநகர சபையின் வேலையன்றோ?” என வினவுவோர் உளர். ஆம், அவ்வேலையை அதனிடம் கேட்டுப்பெறுதல் குடிமக்களின் உரிமையே. உலக வங்கியின் கடனுதவியுடன் 2012ஆம் ஆண்டில் தொடங்கிய நகர அபிவிருத்தித் திட்டத்தின் மூலம் கால்வாய்கள் பல சீர்செய்யப்பட்டமையும் உண்மை. ஆனால் சென் செபஸ்தியன் கால்வாயை எத்துணை ஆழமாகத் தோண்டினும், நம் கடைவாசற் கான் பொலித்தீனாலும் அட்டைப்பெட்டியாலும் அடைபட்டிருப்பின், தெருநீர் அக்கால்வாயை எங்ஙனம் சென்றடையும்? அவ்வட்டைப் பெட்டிகள் யாருடையவை?

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவை நோக்குவோம். 1999ஆம் ஆண்டு ஜனவரியிலே றொறன்ரோ நகரிற் பனி மலைபோற் குவிந்தபோது, நகர முதல்வர் படையினரையே உதவிக்கழைத்தார். அரசின் வலிமை அத்துணைப் பெரிதாக இருந்தும், அந்நாட்டு நகரங்கள் பலவற்றிலே, தன் வாசலுக்கு முன்னுள்ள நடைபாதைப் பனியைக் குறித்த நேரத்துள் அகற்றுதல் உரிமையாளர் கடன் எனச் சட்டம் விதித்துள்ளது. தவறுவோர் தண்டம் இறுக்க நேரும். கொழும்பிற் பனி பெய்யாது. ஆனால் அச்சட்டத்தின் உட்பொருள் நமக்கும் பொருந்தும். வாசல் எனதாயின், வாசலுக்கு முன்னுள்ள கானின் பொறுப்பிலும் எனக்குப் பங்குண்டு.

ஆதலாற் பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் ஏப்ரலிலும், இடிமழைக் காலத்துக்கு முன்னர் செப்டெம்பரிலும், வணிகராயுள்ள அங்கத்தவர் தெருத்தெருவாகக் கூடி, கடைமுன் கான்களைப் பார்வையிட்டுத் துப்புரவாக்குவிக்கட்டும். தம்மால் இயலாதவற்றை எழுத்தில் மாநகர சபைக்கு அறிவிக்கட்டும். வெள்ளத்தால் வீடிழக்கும் ஊழியருக்குச் சம்பளம் குறையாது என்பதையும், அவர்தம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கச் சிறு நிதி உண்டு என்பதையும் இவ்விழாவாண்டிலேயே தீர்மானமாக நிறைவேற்றட்டும். இதற்கு வேண்டிய பொருள் ஒரு விழாப் பந்தலின் செலவுக்கு மேற்படாது. பந்தல் மறுநாள் பிரிக்கப்படும். இத்தீர்மானமோ அடுத்த மழையிலும் நிற்கும்.