தனியாகச் சுற்றுவது யாருடைய சுதந்திரம்?

கார்த்திகை தொடங்கி மாசி வரை செங்கம் சாலையில் நடந்து பாருங்கள். ரமணாசிரம வாசலுக்கு இரண்டு பக்கமும் கேஃபேக்கள் நிரம்பி வழியும். ஏதாவது ஒரு மேசையில் ஒருவர் கைப்பேசியைக் கம்பியில் பொருத்திப் பேசிக்கொண்டிருப்பார்: வேலையை விட்டேன், பையைத் தூக்கினேன், திருவண்ணாமலை வந்தேன், என்னை நான் கண்டுகொண்டேன். தனியாகப் பயணம், வழியில் ஒரு நட்பு, மொட்டை மாடியில் அரும்பி ரயில் நிலையத்தில் உதிர்ந்த ஒரு காதல். இணையத்தில் இன்று நன்றாக விலைபோகும் கதை இதுதான்.

இந்தக் கதையைக் கேலி செய்ய நான் வரவில்லை. தனியாக ஊர்சுற்றுவதும், பிடித்தவரோடு தேநீர் குடிப்பதும், பிடிக்காவிட்டால் எழுந்து போவதும் நல்ல விஷயங்கள். எல்லோருக்கும் வேண்டிய விஷயங்கள் என்பதால்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காணொளிகள் எதிலும் ஒரு கேள்வி வருவதில்லை. அறை எடுக்கப் போனபோது உன்னிடம் சாதி கேட்டார்களா?

இந்த ஊரின் புகழ்பெற்ற தனிப்பயணியிடமிருந்தே தொடங்கலாம். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வந்தான். பாதி ரயில், பாதி நடை. வழியில் கோயில்களில் தங்கினான். கீழூரில் ஒரு பார்ப்பனர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து, தலையை மழித்து, பூணூலைக் கழற்றி எறிந்தான். பிறகு அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கத்திலும் கிடந்தான். அவர்தான் பின்னாளில் ரமணர்.

அதே மதுரையில், அதே ஆண்டு, சேரியிலிருந்து ஒரு பையன் இதே பயணத்தைக் கிளம்பியிருந்தால்? அடகு வைக்க அவனுக்குக் கடுக்கன் இல்லை. கீழூரில் எந்த வீட்டுத் திண்ணையும் இல்லை. கோயிலுக்குள் கால் வைத்திருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது. ஆலய நுழைவுக்கு மதராஸ் மாகாணத்தில் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1939இல்தான். பூணூலைக் கழற்றி எறிந்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழற்றி எறிய முதலில் பூணூல் இருக்க வேண்டும். இல்லாதவன் எதை எறிந்து சாதியற்றவன் ஆவான்?

அவர் எறிந்த பூணூல் ஆசிரமத்தைவிட்டுப் போய்விடவும் இல்லை. ரமணர் இருந்தபோதே சாப்பாட்டுக் கூடத்தில் பார்ப்பனர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று பந்தி பிரிந்திருந்தது. இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி அவர் உட்கார்ந்தார் என்று பக்தர்களே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 'நான் யார்?' என்று கேட்டுக்கொள்ளச் சொன்னவரின் கண்ணெதிரே, 'நீ எந்தப் பந்தி?' என்ற கேள்வி தினமும் இரண்டு வேளை பதிலோடு பரிமாறப்பட்டது.

அதெல்லாம் பழங்கதை என்பவர்கள் இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் போய் வாருங்கள். தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாகப் போனது 2023 ஜனவரி 30 அன்று. மாவட்ட ஆட்சியரும் போலீஸ் படையும் கூடவே நடந்தால்தான் அது முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் அப்படித்தான். காலனியிலிருந்து ஊர்க்கோயில் வரை போவதற்கே அரசாங்கம் துணைக்கு வர வேண்டிய மாவட்டத்தில்தான் உங்கள் சோலோ டிரிப் நடக்கிறது.

தனியாளைக் கண்டால் சாதிக்கு ஏன் இத்தனை பதற்றம்? இதற்குப் பதில் 1916ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்த மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையைப் படித்தார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் ஈடாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் ஒரு பெண் உபரி. மனைவி செத்தால் ஓர் ஆண் உபரி. இந்த உபரி மனிதர்கள் வெளியே துணை தேடிவிட்டால் வேலி உடைந்துவிடும். அதனால்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் என்று விளக்கினார். ஆண் உபரியை எரிக்க மனம் வராது, அவன் குழுவுக்குச் சொத்து. ஒன்று, சின்னஞ்சிறு பெண்ணைக் கட்டிவைப்பார்கள். அல்லது அவன் பிரம்மச்சரியத்துக்குப் போக வேண்டும். உலகத்தை விட்டு ஒதுங்கிய துறவி, குழுவின் கணக்கில் எரிக்கப்பட்டவனுக்குச் சமம்.

இதைப் படித்துவிட்டு ஒரு பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து பாருங்கள். வழியெங்கும் காவி. இந்த ஊர் தனியாட்களால் நிரம்பிய ஊர்! தனியாக இருப்பதற்கு இங்கே தடையே இல்லை, ஆசையை மட்டும் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். காவி கட்டிய தனியாளுக்குத் தட்டில் சோறு விழுகிறது. ஜீன்ஸ் போட்ட தனியாளுக்குக் கேள்வி விழுகிறது. ஏனென்றால் அவளுக்கு யாரையாவது பிடித்துவிடலாம். அந்த யாரோ எந்தத் தெருவிலிருந்தும் வரலாம்.

ரமணா நகரில் வீடு தேடி அலைந்ததைச் சொல்கிறேன். நான் இந்த மாவட்டத்துக்காரி, முப்பது தாண்டிவிட்டேன், கல்யாணம் ஆகவில்லை, வீட்டிலிருந்தே கணினியில் வேலை. முன்பணமாக ஆறு மாத வாடகை கையில் இருந்தது. முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"எந்த ஊரும்மா?"

"செங்கம் பக்கம்."

"செங்கத்துல எங்க?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தாண்டையா?"

ஒரே ஒரு முறைகூட 'சாதி' என்ற சொல் வராது. 'சாப்பாடு எப்படி?' என்பார்கள். 'அப்பாவுக்கு நிலம் ஏதாச்சும்?' என்பார்கள். ஒரு வீட்டுக்கார அம்மா இன்னும் நாகரிகமாக, 'எங்க குலதெய்வம் படவேட்டம்மா, உங்களுக்கு?' என்று கேட்டார். பதில் வந்ததும் வீடு திடீரென்று மகனுக்குத் தேவைப்பட்டுவிடும். அப்படி மகனுக்குத் தேவைப்பட்ட வீடுகள் ஏழு. அதில் ஒரு வீட்டுக்கு அடுத்த மாதமே ஓர் ஐரோப்பிய ஜோடி குடிவந்தது. கல்யாணம் ஆகாதவர்கள், காலையில் முட்டை வாசம், மாலையில் மாடியில் கிதார். வீட்டுக்கார அம்மாவைத் தெருவில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அவங்களுக்குச் சாதி இல்லம்மா."

என்ன ஒரு நேர்மை! ஒழுக்கம், பண்பாடு, ஆன்மிகத் தலம் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் அந்த ஒற்றை வரியில் உதிர்ந்துவிட்டது. திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வது பிரச்சினையே இல்லை. முட்டையும் பிரச்சினை இல்லை. சாதி உள்ள உடம்புதான் பிரச்சினை, அதிலும் கீழே என்று எழுதி ஒட்டப்பட்ட உடம்பு.

இனி டேட்டிங். செயலியில் அறிமுகமாகி, கிரிவலத்துக்கு வருகிற சாக்கில் நேரில் பார்க்க வந்த சென்னைக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எல்லோருமே சாதி பார்க்காதவர்கள். அதை முதல் பத்து நிமிடத்துக்குள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். இருபதாவது நிமிடத்தில் நான் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பது பேச்சில் வரும். 'எந்த ஹாஸ்டல்?' என்பார்கள். ஆதிதிராவிடர் நல விடுதி என்பேன். அதன்பிறகு இரண்டு வகை. ஒரு வகையினர் காபியை வேகமாகக் குடிப்பார்கள். இன்னொரு வகையினர் என்னைப் பார்த்து உருகிப்போவார்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நான் பெண்ணாக இல்லாமல் ஒரு துயரமாகிவிடுவேன். சொல்லப்போனால் முதல் வகையே பரவாயில்லை, பில் சீக்கிரம் வரும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அதுதான் ஆபத்து. அம்பேத்கர் படம் போட்ட டீ-சர்ட், ரஞ்சித் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி, இரண்டு வருடக் காதல். கல்யாணப் பேச்சு வந்த வாரம் அம்மாவுக்கு நெஞ்சுவலி. இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை அம்மாக்களின் இதயம் மருமகளின் சாதியை நம்பித் துடித்துக்கொண்டிருக்கிறது! 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, இந்நாட்டில் சாதி மாறி நடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து. மீதித் தொண்ணூற்றைந்தையும் ஆதிக்கச் சாதிக் கட்சிகளா நடத்தி வைத்தன? இந்தத் தளத்தை வாசிக்கிற தோழர்களின் வீட்டுப் பத்திரிகைகளும் அதில் உண்டு.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. பஞ்சமி நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, மலக்குழி மரணம் இருக்கிறது, இதில் டேட்டிங் ஒரு கேடா என்று கேட்கிறார்கள். மேல்தட்டு விளையாட்டு என்கிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்டதற்கா? ஒரு பெண்ணும் ஒரு பையனும் மணந்துகொண்டதற்கு. எது முக்கியம் என்று எதிரிக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் பட்டியல் போட வேண்டியிருக்கிறது.

கல்யாணம்கூட வேண்டாம், நட்பே போதும் உயிரை எடுக்க. 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் என்ற 21 வயதுப் பொறியியல் பட்டதாரி, கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். சாமி கும்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு சாதிக் கும்பல் அவரை அங்கிருந்து கடத்திப் போனது. மறுநாள் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். யுவராஜுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2022 மார்ச் வரை ஆனது. உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. வழக்கைத் தாங்கிப் பிடித்தது கோயில் கேமரா.

அந்தக் கோயிலின் சாமி யார் தெரியுமா? அர்த்தநாரீஸ்வரர். ஆணும் பெண்ணும் ஓருடம்பு. திருவண்ணாமலையிலும் அவர் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றும் நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து, ஆடி, உள்ளே போய்விடுவார். ஆணும் பெண்ணும் கலந்து நிற்பதைக் காண லட்சக்கணக்கில் கூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சமூகம், அதையே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினால் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னையில் மென்பொருள் வேலை, நல்ல சம்பளம். படித்து முன்னேறினால் எல்லாம் சரியாகும் என்று நமக்குச் சொன்னவர்கள் அவருடைய அம்மாவிடம் போய்ச் சொல்லட்டும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமே என்பார்கள். 2025 செப்டம்பர் கடைசியில், இந்த ஊர் வழியாகச் சரக்கு வண்டியில் வந்த ஆந்திர இளம்பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்ததாகக் கைதாகி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் இங்கே ரோந்துப் பணியில் இருந்த இரண்டு காவலர்கள். இரவில் ஜோடியைக் கண்டால் 'என்ன உறவு?' என்று டார்ச் அடிக்கிற கைகள் இவர்கள் துறையினுடையவை.

ஆகவே வேண்டியதைத் திட்டவட்டமாகக் கேட்போம். ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுப் பல ஆண்டுகளாகக் கத்திய பிறகு, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் திருமணம் செய்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. காதலிப்பவர்கள், சேர்ந்து வாழ்பவர்கள், வெறுமனே நண்பர்களாக இருப்பவர்கள் எல்லோரையும் அது காக்க வேண்டும். கோகுல்ராஜ் யாரையும் மணக்கவில்லை. சாதி பார்த்து வீடு மறுப்பதும் தண்டனைக்குரியதாக வேண்டும்.

சட்டம் வரும்வரை இருப்பதைப் பயன்படுத்துங்கள். திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு செங்கம் சாலை லாட்ஜ் படியேறுங்கள். சாதி மறுப்பு இணையர்களுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லமும் தனிப்பிரிவும் அமைப்பது பற்றி 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அந்த இல்லம் எங்கே, இதுவரை எத்தனை பேர் தங்கினார்கள், தனிப்பிரிவின் தொலைபேசி எண் என்ன? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் கட்டணம். இந்த வாரமே நான் போடுகிறேன். உங்கள் மாவட்டத்துக்கு நீங்கள் போடுங்கள்.