எண்ணூருக்கு அழகு தேவையில்லையா?

சென்னைக்குக் கடல் ஒன்றுதான், விலைதான் இரண்டு. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'கடலைப் பார்த்த மனை' என்று விளம்பரம் போட்டால் சதுர அடி விலை ஏறும். வடக்கே எண்ணூரில் அதே கடலைப் பார்த்து நிற்பவை புகைபோக்கிகள், நிலக்கரிக் குவியல்கள், சாம்பல் குழாய்கள். உயர் அழுத்த மின்கோபுரங்களை நடுவதற்காகக் கொசஸ்தலை ஆற்றுக்குள்ளேயே மண்ணைக் கொட்டிப் பாதை போட்டார்கள். ஓடும் ஆற்றை மறிக்காதே என்று சொல்வதற்கே மீனவர்கள் போராட வேண்டியிருந்தது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர். அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டும் உப்பளமும் இறாலும் நண்டும் சேர்ந்த கழிமுகம் அது. அங்கே 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் காமராஜர் துறைமுகம், அதன்பின் 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. இப்போது அந்தக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையே 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றும் வரும்போது சொன்ன காரணம் ஒன்றுதான்: 'ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே!'

கெடுத்தது யார்? நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, ஆற்றின் குறுக்கே போகும் இரும்புக் குழாய்கள் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும், ஒழுகும். சாம்பல் ஆற்றின் அடியில் படியும், ஆழம் குறையும், படகு தரை தட்டும். சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்களுக்குக் காற்றடித்தால் சோற்றிலும் சாம்பல்தான்.

'உங்களுக்கு மின்சாரம் வேண்டாமா?' என்று கேட்பார்கள், வேண்டும்தான். அந்த மின்சாரம் சென்னையின் நடுப்பகுதிக்குப் போகும்போது கம்பியைப் பூமிக்கு அடியில் புதைக்க முடிகிறது. தெரு அழகாக இருக்க வேண்டும், ஆபத்து கூடாது என்பதற்கு அங்கே பணமும் தொழில்நுட்பமும் கிடைக்கின்றன. உற்பத்தியாகும் இடத்துக்கு வரும்போது மட்டும் குழாயை மாற்றக்கூடப் பணம் இல்லை என்றால், அங்கே இல்லாதது மரியாதைதான். ஊருக்கு வெளிச்சம், சேரிக்குச் சாம்பல் என்ற பழைய பங்கீட்டைத் திட்ட அறிக்கையின் மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

வரைபடத்தைப் பாருங்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. ஓர் ஆற்று முகத்தைக் காகிதத்திலிருந்து காணாமல் ஆக்கியிருந்தார்கள்.

நிலம் காகிதத்தில் காணாமல் போவது நமக்குப் புதிதா? 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்கிறோம். அது யார் கையில் இருக்கிறது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம். பட்டா நிலம் இல்லாதவனுக்கு மிச்சம் இருந்தது புறம்போக்கு. ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, மேய்ச்சல் தரை, கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாத பொது நிலம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அதை வசவாக மாற்றிய சமூகம்தான் அந்த நிலத்தையும் குப்பைமேடாக மாற்றியது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

தோழர்களே, இங்கே நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. பொது நீர் எப்போதும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பக்கத்திலேயே பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. எந்த நாளில் எந்தக் குப்பம் எங்கே வலை போடலாம் என்பதைப் பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் முறை அது. ஏரியை நம்பியிருந்தும் தலித் மீனவர்கள் அந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு வெறும் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். ஆறு செத்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் இவர்கள். நிவாரணப் பட்டியலில் படகு ஏறும், வலை ஏறும். வெறும் கையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எண்ணெயை அள்ளியது எப்படி? குவளையாலும் கையாலும்தான். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். பல்லாயிரம் கோடிக்கு ஆலை கட்டத் தெரிந்த நாட்டில் கழிவை எடுக்க மட்டும் மனிதக் கை வேண்டும். சாக்கடைக்குள் நம் ஆட்களை இறக்கும் அதே புத்தி இது.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல, பொது நீரில் எங்களுக்கும் பங்குண்டு என்று நிலைநாட்டத்தான். குளத்தில் நமக்குள்ள உரிமை ஆற்றிலும் அலையிலும் இல்லையா? நல்ல காற்றும் கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும் தண்ணீரும் பணக்காரர்களின் ரசனை என்று நாமே ஒதுக்கிவிடக் கூடாது. அழகான இடத்தில் வாழ்வதும் மனித கண்ணியத்தின் ஒரு பகுதிதான். அதைக் கேட்பது ஆடம்பரம் என்று நம்மை நம்பவைத்ததால்தான் சாம்பல் குளம் எப்போதும் நம் ஊரைத் தேடி வருகிறது.

மாணவர்கள் செய்ய வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் படியுங்கள். எது புறம்போக்கு, எது நீர்நிலை, இன்று அங்கே என்ன நிற்கிறது என்று நேரில் போய் ஒப்பிடுங்கள். கடற்கரை மாவட்டமாக இருந்தால் ஒழுங்குமுறை வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தால் இருளர் குடியிருப்பிலிருந்தும் சேரியிலிருந்தும் பேச ஆட்களோடு போங்கள், பேசியது பதிவானதா என்று நகல் வாங்குங்கள். படகு இல்லாதவர்களின் பெயரை இப்போதே பட்டியலிட்டு வைத்தால், அடுத்த எண்ணெய் வரும்போது அதிகாரி முன்னால் வைக்க நம்மிடம் ஒரு காகிதமாவது இருக்கும்.

ஜெய்பீம்!