மூன்று வருடம் காத்திருக்க மண் நமதாக வேண்டும்



சாமான் விலை ஏறிய நாளிலிருந்து, வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று எல்லோரும் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். நாமும் அதையே சொல்கிறோம். ஆனால் லயத்தைச் சுற்றி நாம் போடுவது என்ன? கீரை, போஞ்சி, லீக்ஸ், கோவா. எல்லாம் சில மாதத்தில் பிடுங்கிவிடும் பயிர்கள். வருடக்கணக்கில் நின்று பலன் தருவதை நாம் நடுவது குறைவு. சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய்.

அஸ்பராகஸை எடுத்துக்கொள்வோம். பெரிய ஹோட்டல்களில் சமைக்கும் விலையுயர்ந்த தளிர் அது. இலைக்கஞ்சிக்குப் பிழியும் சாத்தாவாரியின் சொந்தக்காரச் செடிதான். ஒரு முறை நட்டால் பத்து வருடத்துக்கு மேலும் நிற்கும்.

நடுவது நமக்குக் கஷ்டமான வேலையல்ல. விதையை ஓர் இரவு ஊறவைத்து நாற்றுப் பையில் போட வேண்டும். முளைக்க இரண்டு முதல் நான்கு கிழமை, சில வேளை அதைவிடக் கூடவும் எடுக்கும். 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். இரண்டு வரிசையில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக 16 செடி வைக்கலாம்.

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே பாத்தியை உயர்த்தி, ஓரத்தில் கான் வெட்டிவிட வேண்டும். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், அஸ்பராகசுக்குப் பிடிக்காது. கவ்வாத்து மலைக்கு நாம் போடும் டொலமைட்டை நடுவதற்கு முன்பே மண்ணில் கலந்து, மக்கிய மாட்டெருவும் சேர்க்க வேண்டும். அரை அடி ஆழத்தில் குழி எடுத்து, வேரைப் பரப்பி நட்டு, முதலில் கொஞ்சமாக மண் மூட வேண்டும். செடி உயர உயர மிச்ச மண்ணைத் தள்ளிக்கொண்டு வரலாம்.

முக்கியமான வேலை, கை வைக்காமல் இருப்பதுதான். முதல் இரண்டு வருடம் தளிரை வெட்டாமல் விட்டால்தான் வேர் தடிக்கும். மூன்றாம் வருடம் முதல் வெட்டலாம். நமது நாட்டைப் போல் செடி ஓய்வெடுக்கும் பனிக்காலம் இல்லாத இடங்களில், நாலைந்து தண்டுகளைத் தாய்த்தண்டாக நிற்க விட்டு, மற்றத் தளிர்களை மட்டும் எடுப்பார்கள்.

காத்திருக்க நமக்குத் தெரியாதா? பழைய தேயிலையைப் பிடுங்கி, குவாத்தமாலா புல் போட்டு மண்ணைத் தேற்றி, கன்று நட்டு, கொழுந்தெடுக்க வருடக்கணக்கில் காத்திருப்பது யார்? நாம்தான். 1992-ல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பெனிகளுக்கு 53 வருடக் குத்தகை இருக்கிறது. அதை நம்பித்தான் அவர்கள் தேயிலை நடுகிறார்கள். அந்த மண்ணில் 200 வருடமாக உழைக்கும் நமக்கு, லயத்துப் பின்பக்கத்தில் மூன்று வருடம் நிச்சயமா?

நமது அங்கத்தவரான ஓர் அக்கா, லயத்துக்குப் பின்னால் மரத்தக்காளியும் கொடித்தோடையும் வைத்திருந்தார். காய்க்கத் தொடங்கிய நேரத்தில், அது தோட்டத்துக் காணி என்று வெட்டச் சொன்னார்கள். நட்டஈடாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. இப்போது அவர் கீரை மட்டும்தான் போடுகிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

7 பேர்ச்சஸ் காணி என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போனாலும், பாதைக்கும் மலசலகூடத்துக்கும் விட்டாலும், அஸ்பராகஸ் பாத்திக்கும் இரண்டு மரத்துக்கும் இடம் இருக்கும். ஆனால் உறுதி கையில் இல்லாத வீட்டில், அதுவும் இரவல் மண்தான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வீடு கிடைத்த குடும்பங்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதி வேண்டும். லயத்தில் இருப்போர் பயிரிடும் துண்டு நிலத்துக்கு நிர்வாகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அதை எடுப்பதானால் முன்னறிவித்தலும், நிற்கும் பயிருக்கு நட்டஈடும் வேண்டும். கிராமங்களுக்குப் போகும் விவசாயப் போதனாசிரியர் நமது லயத்துக்கும் வர வேண்டும்.

தலைவர்மாரே, தலைவிமாரே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யார் யார் எவ்வளவு நிலத்தில், எத்தனை வருடமாகப் பயிரிடுகிறார்கள் என்று லயம் லயமாக எழுதி எடுங்கள். கையில் கணக்கு இருந்தால்தான் நிர்வாகத்துடன் பேச முடியும்.

அதற்காக மம்பட்டியைக் கீழே வைக்க வேண்டாம். இந்த வருடமே விதையை ஊறப் போடுவோம். செடி வேர் பிடிக்கும் மூன்று வருடத்துக்குள், அது நிற்கும் மண்ணுக்கான உரிமையையும் எழுத்தில் வாங்குவோம்.