வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மஸி மாணவனும் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். ஆனால் இந்த விஷயத்தில் கோபப்பட எம்.பி.பி.எஸ். தேவையில்லை. ஒரு பில்லை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

போன வருடம் எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) முட்டி வலி. தெருமுனை மெடிக்கலுக்குத் தானே நடந்து போனார்.

"முட்டி வலி தாங்கல சாமி, ஏதாச்சும் நல்ல மாத்திரையா குடு."

"இந்தாங்க ஆத்தா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நாலு நாள் போடுங்க, சரியாப் போயிரும்."

அட்டையிலிருந்து எட்டு மாத்திரையைக் கத்தரித்து, ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பேர் அச்சடித்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. பில் கிடையாது. ஒரு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது.

அமுச்சிக்கு எட்டு வருடம் முன்பு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரும் மாத்திரை. (1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி பெற்ற மருந்து இது. அளவு பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) கடையில் கொடுத்தது டைக்ளோஃபினாக். அது வயிற்றின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைத்துப் புண்ணாக்கக் கூடியது. வார்ஃபரினோ அந்தப் புண்ணில் கசியும் ரத்தத்தைச் சீக்கிரம் நிற்க விடாது. ஒன்று ஓட்டை போடுகிறது, இன்னொன்று அடைக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது.

நாலாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. எழுந்து நின்றால் தலை சுற்றல். ஆஸ்பத்திரியில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று ராத்திரி டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போட்டாங்க?" எங்களிடம் பதில் இல்லை. கையில் இருந்தது பேர் இல்லாத ஒரு மாத்திரை. மாமா வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, கேட்டு வந்துதான் பேரே தெரிந்தது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "பாட்டி சொல்லியிருக்கணும்ல?"

அமுச்சிக்கு வார்ஃபரின் என்ற பேரே தெரியாது. "நெஞ்சு மாத்திரை" என்றுதான் சொல்வார். முட்டிக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தெரிந்திருக்க வேண்டியவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர். அவர் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?

இது என் ஆசை மட்டும் இல்லை, சட்டமும்தான். டைக்ளோஃபினாக் 1945-ம் வருட மருந்து விதிகளின் ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. 2015-ல் வந்த பார்மஸி பிராக்டிஸ் ஒழுங்குமுறைகள், மருந்தாளுநரே நோயாளியிடம் பேச வேண்டும், ஒரு மருந்து இன்னொன்றோடு சேர்ந்தால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும் என்கின்றன. சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆளைத்தான் காணோம்.

"சீட்டு கேட்டா ஏழைங்க எங்க போவாங்க?" நியாயமான கேள்வி. டாக்டர் பீஸும் அரை நாள் கூலியும் போகும் என்பதால்தான் ஜனங்கள் மெடிக்கலுக்குப் போகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கேள்வி அங்கே இன்னும் அவசியம். டாக்டரைப் பார்க்க முடியாதவருக்குக் கடைசித் தடுப்பு அந்தக் கவுண்டர்தான். கேள்வி கேட்கக் காசு ஆகாது.

"பில் போட்டா டேக்ஸ் சேரும்" என்பது அடுத்தது. இது என் ஏரியா. அட்டையில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. பில் போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் வரி கொடுத்தாகிவிட்டது. பில் இல்லாததால் உங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. ஆடிட்டிங்கில் வவுச்சர் இல்லாத செலவை ஏற்றுக்கொள்ளாதே என்று சொல்லித் தருகிறார்கள். ஐம்பது ரூபாய் ஸ்டேஷனரிக்கு இருக்கும் மரியாதை அமுச்சியின் உடம்புக்கு இல்லை.

வயசானவர்கள் பிரச்சினை என்று கிளாஸ்மேட்ஸ் நழுவ வேண்டாம். காய்ச்சலுக்கு 650 பாராசிட்டமால் போட்டுவிட்டு, சளிக்கு இன்னொரு மாத்திரை போடுகிறோமே, அதன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் அதே பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். 650 ஆறு போட்டாலே 3.9 கிராம். தாண்டினால் அடி வாங்குவது ஈரல். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவர் யாருக்கும் தெரியாமல் சில்டெனாஃபில் வாங்கிப் போட்டால் ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்கு இறங்கலாம். தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

என்ன செய்யலாம்? இன்று ராத்திரி வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைக் கொட்டுங்கள். யார், எது, எத்தனை மில்லிகிராம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள். போட்டோ எடுத்து போனில் வையுங்கள். டாக்டரிடமும் மெடிக்கலிலும் முதலில் அதைக் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். கத்தரித்துக் கொடுத்தால் பேர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். ஒன்று மட்டும் வேண்டாம்: இதைப் படித்துப் பயந்துபோய், டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அமுச்சியின் சுருக்குப் பையில் இப்போது வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு மடித்த தாள் இருக்கிறது, என் கையெழுத்தில். போன வாரம் இருமல் மருந்து வாங்கப் போனவர், கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் அதை எடுத்து நீட்டினாராம். "இதைப் படிச்சுட்டுக் குடு சாமி."

படித்துவிட்டுத்தான் கொடுத்தாராம். பில்லும் போட்டாராம்.