கையுயர்த்தி எண்ணுவது மட்டும் சனநாயகமா?

குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டு. சிறுபோகக் கூட்டம் கூடுகிறது. வாய்க்காலின் தலைப்பில் அறுபது குடும்பங்கள், கடைசியில் இருபது. கையுயர்த்தி முடிவெடுத்தால் கடைசி வயல்கள் காயும். ஆனால் இத்தகைய ஆண்டுகளில் பல குளங்களின் கீழ் நம் முன்னோர், தலைப்பு வயலையே எல்லோருக்கும் பங்கிட்டு விதைத்தார்கள். எண்ணிக்கைக்கும் மேலான ஒரு நீதி உண்டென அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாட்டுக்கும் இது பொருந்தும். அந்நிய ஆட்சியிலிருந்து மக்களாட்சிக்கு மாறும் நாடு முதலில் தேர்தலைப் பெற்றுக்கொள்கிறது. பெரும்பான்மைக்கு வரம்பு கட்டும் வழக்கமோ மெதுவாகவே வேரூன்றுகிறது. அந்த இடைவெளியில்தான் மக்கள் விருப்பம் என்ற பெயரால் அநீதி புகுந்துவிடுகிறது.

இலங்கைக்கு 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. பின்வந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்றது. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. தமிழ் உறுப்பினர் சிலர் அன்று அரசின் பக்கம் நின்றதையும் நாம் மறக்கலாகாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1972இல் அந்த 29ஆம் பிரிவே இல்லாது போயிற்று. எல்லாம் எண்ணிக்கைப்படி நிறைவேறியவையே.

இதனால் பெரும்பான்மையினராவது நன்மை கண்டார்களா? 1982 டிசெம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 55 வீத வாக்குகளால் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார்கள். சிங்கள மக்களும் 1989 வரை பொதுத் தேர்தலைக் காணவில்லை. 2020இல் மூன்றில் இரண்டு பலத்தோடு நிறைவேறிய 20ஆம் திருத்தம், ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டே, கமக்காரரைக் கேளாமல், இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அநுராதபுரத்து வயலும் கிளிநொச்சி வயலும் ஒன்றாகவே விளைச்சலை இழந்தன. வரம்பை வெட்டியவரின் வயலிலும் தண்ணீர் நிற்பதில்லை.

இடம்பெயர்ந்தும் மீளக் குடியேறியும் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை சங்கக் கூட்டத்தில் கையுயர்த்து முன், இங்கு வராதவர் யார், இம்முடிவால் நட்டப்படுபவர் யார் என்று கேளுங்கள். கணவனை இழந்தவர், காணி உறுதி இல்லாதவர், பிந்தி வந்து குடியேறியவர் ஆகியோரின் குரலையும் கேட்ட பின் முடிவெடுங்கள். நம் ஊரில் இருபதாக இருப்போருக்கு நாம் செய்யும் நீதியே, நாட்டில் இருபதாக நிற்கும் நாம் கேட்கும் நீதிக்கு உரமாகும்.