கரையேற்றப்பட்ட படகு

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 27:1-44



பாய்மரப் படகொன்றையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் கடலில் வாழும் குடும்பங்கள் உலகில் உண்டு. அவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளை விரும்பி வாசிப்பவன் நான். புயலையும் பேரலையையும் பற்றிய பக்கங்களே அவற்றில் மிகுந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் நான் வாசித்தவற்றில், பழுதுபார்ப்புக்காகத் துறைமுகத்தில் காத்திருந்த நாட்களைப் பற்றிய பக்கங்களே அதிகம்.

நியூசிலாந்தின் வடபகுதியில் ஒபுவா என்னும் சிறு துறைமுகம் இருக்கிறது. 1814-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சாமுவேல் மார்ஸ்டன் போதகர் நற்செய்தியைப் பிரசங்கித்த அதே விரிகுடாவில்தான் அது அமைந்துள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் சூறாவளிக் காலம். அதற்குத் தப்பி, தொங்கா, பிஜி தீவுகளிலிருந்து ஏறத்தாழ 1,000 கடல் மைல் கடந்து படகுகள் அங்கே வந்து ஒதுங்குகின்றன. அந்நிய உயிரினங்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக, வருகிற படகின் அடிப்பாகம் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதை 2018 முதல் அந்நாடு கட்டாயமாக்கியிருக்கிறது. மேல்தளம் பளபளத்தால் மட்டும் போதாது.

பழுதுபார்க்க வேண்டிய படகை அகன்ற பட்டைகளில் தூக்கிக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். நீருக்குக் கீழே மறைந்திருந்தவை அப்பொழுதுதான் வெளிப்படும்: ஒட்டிக்கொண்ட சிப்பிகள், உலோகத்தின் அரிப்பு, எவரும் அறியாத விரிசல். குடும்பமோ ஏணி வைத்து ஏறியிறங்கி அந்தப் படகிலேயே குடியிருக்கும். குளிப்பதற்குப் பிள்ளைகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக் குளியலறைக்கு நடப்பார்கள். இரண்டு வாரம் என்று தொடங்கிய வேலை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஓர் உதிரிபாகத்துக்காக இரண்டு மாதமாக நீளும்.

எனினும் அங்கே பழுதைக் குறித்து எவரும் வெட்கப்படுவதில்லை. அடுத்த படகுக்கும் ஏதோ ஒரு பழுது இருக்கிறது. ஒருவர் கருவியை இரவல் தருகிறார். இன்னொருவர் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார். மற்றொருவர் அந்த வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். "ஏன் இன்னும் புறப்படவில்லை?" என்று குற்றஞ்சாட்டும் குரல் எழுவதில்லை.

இதை வாசித்தபோது என் மனசாட்சி என்னைக் குத்திற்று. நம்முடைய சபை அப்படிப்பட்ட துறைமுகமாயிருக்கிறதா?

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு சபையில் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். ஓய்வுநாள் பாடசாலையும் பாடகர் குழுவும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. "ஐயா, வீட்டில் சில காரியங்களைச் சரிசெய்ய வேண்டும், ஆறு மாதம் எங்களுக்கு ஓய்வு வேண்டும்" என்றார்கள். நான் காரணம் விசாரிக்கவில்லை. கலப்பையில் கை வைத்தவன் பின்னிட்டுப் பார்க்கலாகாது என்று புத்தி சொல்லி அனுப்பினேன். கீழ்ப்படிந்து தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் அந்தச் சகோதரி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கடனும் குடியும் அந்த வீட்டை அரித்துக்கொண்டிருந்ததை அதற்குப் பின்புதான் அறிந்தேன். ஞாயிறுதோறும் அவர்கள் பாடியதைக் கேட்டவன் நான். நீருக்குக் கீழே பார்க்கத் தவறினேன்.

பவுல் பயணித்த கப்பலுக்கு நேர்ந்ததும் இதுவே. கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில் தங்கியிருப்பது நலம் என்று அவர் எச்சரித்தார். குளிர்காலத்தைக் கழிக்க அந்த இடம் வசதியற்றது என்பதால் பெரும்பாலோர் புறப்படவே விரும்பினர். தென்றலும் மெதுவாக வீசிற்று. பின்பு நடந்ததை அறிவோம். தேவகிருபையால் 276 பேரும் கரைசேர்ந்தார்கள், கப்பலோ உடைந்துபோயிற்று. அன்று அந்தத் தம்பதியரைப் புறப்படச் சொன்ன மாலுமி நானே.

"தங்குகிறவர்கள் தங்கியே விடுவார்களே, போதகரே?" என்று மூப்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான அச்சம். கரையேற்றப்பட்டு அங்கேயே உளுத்துப்போகும் படகுகளும் உண்டு. ஆனால் கைவிடப்பட்ட படகுக்கும் பழுதுபார்க்கப்படும் படகுக்கும் வேறுபாடு, அதின் ஏணியில் யாராவது ஏறுகிறார்களா என்பதே. ஓய்வெடுக்கும் குடும்பத்தை நாம் சந்தியாமல் விட்டுவிட்டு, பின்பு அவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று அழைப்பது நீதியல்ல. படகு கடலுக்காகவே செய்யப்பட்டது. பவுலும் மெலித்தாவில் மூன்று மாதம் தங்கியபின் மறுபடியும் கப்பலேறினார்.

ஆகையால், ஊழியப் பொறுப்பிலிருந்து ஓய்வு கேட்கிறவர்களுக்கு நம் சபையில் இனி கடிந்துகொள்ளுதல் இராது. மாதந்தோறும் ஒரு சந்திப்பு இருக்கும். இதை மூப்பர் குழுவின் முன் வைக்கப்போகிறேன். நீங்களும் இந்த வாரம் சில ஞாயிறுகளாய்க் காணப்படாத ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேளாதிருங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்வதும் ஊழியமே.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் மறைவான விரிசல்களை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை மறையாதிருக்கும் தைரியத்தை எங்களுக்கும், பிறருடைய பழுதைப் பரிகசியாத இருதயத்தை எங்கள் சபைக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.